வெற்றிலையும் ஆய்வுக் குடுவையும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று மாடி வீடுகளும் கடைத்தெருக்களும் நிறைந்து விளங்கும் சுபாங் ஜெயா, 1976இல் நகராக எழத் தொடங்குமுன் சீபீல்டு என்னும் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தகைய தோட்டங்களில் பால்மரம் சீவிய நம்மவரின் மடியிலிருந்த சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியன நீங்காது இடம்பெற்றன. விடியுமுன் வேலைக்குச் சென்றோர்க்குப் பசியையும் களைப்பையும் மறக்கச் செய்தது அத்தாம்பூலமே. அதே சுபாங் ஜெயாவில் 2001இல் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. அது ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நோய்களுள் ஒன்று, மலேசிய மக்களுள் இந்தியரையே மிகுதியாகப் பற்றும் வாய்ப் புற்றுநோய்.

தாம்பூலத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு நெடுநாளாக அறியப்பட்டதே. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அவ்வூர் மிஷன் மருத்துவமனை, வாய்ப் புற்றோடு வந்தோர் பலரைக் கண்டது. வெற்றிலை மெல்வோர்க்குத் திருவிதாங்கூரில் நேர்ந்த இந்நோயைப் பற்றி மருத்துவர் ஐ. எம். ஓர் என்பார் 1933இல் இலண்டன் ‘லான்செட்’ இதழில் எழுதினார். புகையிலை கலந்த தாம்பூலம் புற்றை விளைவிக்கும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், தனிப் பாக்குமே தீங்கானவை என்று 2004இல் அது வெளியிட்டது. மணவறையில் மங்கலப் பொருளாக வைக்கும் பாக்கை இப்பட்டியலில் காண்பது நமக்கு இனிதன்று. ஆயினும் மாணவர்க்கு மறைத்துப் பயனென்ன?

காரணம் அறிந்தபின் மருந்து தேட வேண்டுமன்றோ? கட்டியின் உயிரணுக்களை உடலுக்கு வெளியே வளர்த்தால் மருந்துகளை அவற்றின்மீது சோதிக்கலாம். 1951இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பின மாதின் கட்டியிலிருந்து எடுத்த அணுக்களே மனித அணுக்களுள் முதன்முதலாக இடையறாது பெருகின. அவரிடம் இசைவு கேட்டார் எவருமில்லை. அவர் பெயரின் முதலெழுத்துகளால் அவ்வணுக்கள் ‘ஹீலா’ எனப்பட்டன.

பின்னர் மேலை நாடுகளில் வாய்ப் புற்றின் அணுக்களும் வளர்க்கப்பட்டன. ஆனால் அங்கே இந்நோய்க்குப் பெருங்காரணம் புகைத்தலும் மதுவும். தாம்பூலம் மென்ற வாயில் எழுந்த கட்டியும் அவற்றைப் போன்றதே எனக் கருத இடமில்லை. ஆகவே சுபாங் ஜெயா நிலையத்தார் மலாயாப் பல்கலைக்கழகத்தாரோடு இணைந்து, ஆசிய நோயாளிகளின் கட்டிகளிலிருந்தே அணுக்களை வளர்த்து 2007இல் அறிவித்தனர். சியோங் சோக் சிங் அம்மையார் குழுவினர் 2016இல் இத்தகைய 16 அணு வரிசைகளை விவரித்தனர். சொல்வது எளிது. பூசணம் படிந்தால் பல வார உழைப்பு ஒரே நாளில் வீணாகும் பணி இது.

எனினும் குடுவையில் தனித்து வளரும் அணுவிற்குப் பெருங்குறை ஒன்றுண்டு. அங்கே காவலர் இல்லை. உடலிலோ வெள்ளணுக்கள் இடையறாது காவல் புரிகின்றன. அவற்றை ஏய்த்தே புற்று வளர்கிறது. அந்த ஏய்ப்பை அறியக் கள்வனையும் காவலனையும் ஒருங்கே நிறுத்த வேண்டும். வாய்ப் புற்றில் மிகுந்து காணப்படும் மேஜ்-டி4பி என்னும் புரதத்தின் சிறு துண்டுகளைச் சுபாங் ஜெயா குழுவினர் நோயாளிகளின் வெள்ளணுக்களுக்குக் காட்டினர். அவை கிளர்ந்தெழுந்ததை 2014இல் வெளியிட்டனர். வாய்ப் புற்றுக்கு எதிரான ஊசிமருந்தே அவர்தம் நோக்கம்.

2018இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் அறிஞர்கள் இன்னும் ஒரு படி சென்றனர். நோயாளியின் கட்டியை நுண்ணிய உருண்டைகளாகக் கூழ்மத்தில் வளர்த்து, அவருடைய இரத்தத்து வெள்ளணுக்களையே அவற்றோடு சேர்த்து வைத்தனர். பழகிய வெள்ளணுக்கள் கட்டியைத் தாக்கின. அதே நோயாளியின் நல்ல திசுவைத் தீண்டவில்லை. அவ்வாய்வு குடல், நுரையீரல் புற்றுகளைப் பற்றியது. தாம்பூலம் மென்ற வாயின் கட்டிக்கு வழிதேடும் பணி சுபாங் ஜெயாக் குடுவைகளுக்கு உரியதாயிற்று. அவ்வரிசைகளுக்கு ஓ.ஆர்.எல்.-48, ஓ.ஆர்.எல்.-115 என எண்களே பெயர். கட்டியைத் தந்தவர் பெயர் அவற்றில் இல்லை.