அசுணம்

அசுணம், அசுணமா என இரு வடிவங்களில் வழங்கும் இச்சொல், இனிய இசையில் தன்னை மறந்து லயிப்பதும், வன்மையான பறையொலி செவியிற்பட்ட மாத்திரத்தில் உயிர் துறப்பதுமான இயல்புடையதாகப் பண்டைத் தமிழ்ப் புலவர் வருணித்த ஒரு பிராணியின் பெயராகும். இதனை விலங்கென்பாரும் பறவையென்பாரும் உளர். எனினும் மலைப்பிளவிலுள்ள குகையே இதன் வாசஸ்தலமென்று சங்கச் செய்யுள் கூறுவதையும், ‘மா’ என்னும் பின்னொட்டையும் நோக்குமிடத்து, விலங்கென்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஈழத்துப் பூதன்தேவனார் பாடிய அகநானூற்று 88ஆம் செய்யுளில், மதயானையின் கன்னத்தில் மொய்க்கும் வண்டுகளின் ரீங்காரத்தை யாழிசையென்று மயங்கி அசுணம் உற்றுக் கேட்கிறது. அதனினும் நுட்பமானது நற்றிணை 304இல் மாறோக்கத்து நப்பசலையார் அமைத்த உவமை: முதலில் யாழை மீட்டி அசுணத்தை மகிழ்வித்துப் பின்னர்ப் பறையறைந்து அதனைக் கொல்லும் வேட்டுவனின் கை எவ்வாறு இன்பத்தையும் துன்பத்தையும் ஒருங்கே தருகிறதோ, அவ்வாறே கூடுங்கால் அழகையும் பிரியுங்கால் பசலையையும் தரும் தலைவனது மார்பும் என்கிறாள் தலைவி. அன்பும் அபாயமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கும் விந்தையை இத்துணைச் சுருக்கமாக உணர்த்தும் உவமை அரிதே.

விளம்பிநாகனாரின் நான்மணிக்கடிகையோ, பறையொலியால் அசுணம் உயிர் துறக்கும் என்னும் நம்பிக்கையை நீதிபோதனைக்குரிய திருஷ்டாந்தமாக ஆள்கிறது. இக்காலப் பேச்சு வழக்கில் இச்சொல் இல்லை.