எஃப்6 விசையும் பிளாப்பியும்

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் நிறுவல் சிடியில் அன்றைய ஐடிஇ ஹார்டு டிஸ்க்குகளுக்கான டிரைவர்கள் இருந்தன. டிஸ்க்கை இணைக்கும் சாட்டா தரம் 2003இலும் அதற்கான ஏஹெச்சிஐ முறை 2004இலும்தான் வந்தன; அவற்றுக்கான டிரைவர் சிடியில் இல்லை. அதனால் புதிய கணினிகளில் பயாஸ் திரை டிஸ்க்கின் பெயரைச் சரியாகவே காட்டும். நிறுவல் நிரலோ ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். குறை டிஸ்க்கில் இல்லை, டிரைவரில்தான்.

இதற்கென மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த வழி மிகக் குறுகலானது. நிறுவல் தொடங்கியதும் நீலத்திரையின் அடியில் எஃப்6 விசையை அழுத்தச் சொல்லும் ஒரு வரி சில நொடிகள் மட்டும் தோன்றும். அதைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அழுத்தியபின் எஸ் விசை, அடுத்து ஏ டிரைவில் டிரைவர் அடங்கிய பிளாப்பி. பென்டிரைவை அது ஏற்காது. பிளாப்பி டிரைவ் இல்லாத மடிக்கணினிகள் பெருகிய காலத்தில் இது உண்மையிலேயே பெரிய இடைஞ்சல்.

பலர் பயாஸில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றிச் சமாளித்தனர். சிலர் என்லைட் மென்பொருளால் டிரைவரைச் சிடியிலேயே சேர்த்தனர். 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா ஏஹெச்சிஐ டிரைவருடன் வந்தது. கூடுதல் டிரைவரைப் பென்டிரைவிலிருந்தும் எடுத்துக்கொண்டது. ஆனால் பின்னர் இன்டெலின் 11ஆம் தலைமுறைச் செயலி கொண்ட மடிக்கணினிகளில், டிஸ்க்குகளைக் கையாளும் விஎம்டி அமைப்பால் இதே சிக்கல் திரும்பியது.