பிளிஸ் குறிகளும் டொராண்டோ குழந்தைகளும்

பேசும் சக்தி குன்றிய குழந்தைக்கு எந்தச் சாதனத்தைத் தேர்ந்தளிப்பது என்ற கேள்வி, 1971-ஆம் ஆண்டில், கனடா தேசத்து டொராண்டோ நகரின் ஊனமுற்ற குழந்தைகள் நிலையமொன்றில், மூளை முடக்குவாதத்தால் நாவும் கையும் வசப்படாத சிறுவர்க்குப் போதித்துவந்த ஷர்லி மக்நாட்டன் அம்மையாரையும் அவருடைய சகாக்களையும் வாட்டியது. படங்கள் ஒட்டிய பலகையைக் கொண்டு தண்ணீர் கேட்கலாம், உணவு கேட்கலாம். சந்தேகத்தையோ நேற்றைய சம்பவத்தையோ தெரிவிப்பது அரிது. எழுத்துப் பலகையோ வாசிக்கக் கற்றவர்க்கே பிரயோஜனப்படும். இடைப்பட்ட மார்க்கத்தைத் தேடியவர்கள் சார்லஸ் பிளிஸ் வகுத்த குறிகளைக் கண்டார்கள்.

வியன்னாவில் ரசாயனப் பொறியியல் பயின்ற பிளிஸ், நாஜிகளின் சிறைமுகாம்களிலிருந்து மீண்டு, ஷாங்காயில் அடைக்கலம் புகுந்தபோது சீன எழுத்துக்களால் கவரப்பட்டு, சகல தேசத்தாரும் சமாதானமாக அளவளாவ ஒரு பொது லிபியைச் சமைத்து, ஆஸ்திரேலியாவில் 1949-இல் நூலாக வெளியிட்டார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த லிபியில் இருதய வடிவம் உணர்ச்சியைக் குறிக்கும். அதனருகே மேல்நோக்கிய அம்பிட்டால் மகிழ்ச்சி, கீழ்நோக்கியதாயின் துயரம். பலகையில் இல்லாத சொல்லையும் குறிகளை இணைத்துக் குழந்தையே ஆக்கிக்கொள்ளலாம் என்பதுதான் என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. அதுவரை பிறர் கேட்டதற்குத் தலையசைத்த டொராண்டோச் சிறுவர்கள், இக்குறிகளைக் கற்றபின் தாமே பேச்சைத் தொடங்கினார்கள். விரலால் சுட்ட இயலாதவர் கண்ணால் சுட்டலாம்.

பிற்பாடு, நிலையத்தார் தம் குறிகளை மாற்றுகிறார்கள் என்று பிளிஸ் கடுமையாகப் பிணங்கினார். படைத்தவரின் மனவேதனையில் நியாயம் உண்டெனினும், குழந்தைகளின் தேவையே முந்தியது என்பது என் துணிபு. 1982-இல், பேச இயலாத குழந்தைகளுக்காக அக்குறிகளைப் பிரயோகிக்கும் உரிமை டொராண்டோ நிலையத்துக்குக் கிடைத்தது.