பட்டியலிலிருந்து பாடத்துக்கு: குற்றவியல் வந்த வழி

தமிழ்நாட்டில் குற்றத்தைப் பற்றிய எழுத்து காவல்துறையில் பிறந்தது. பல்கலைக்கழகம் பின்னால் வந்தது. சென்னை மாகாணக் காவல் அதிகாரி முல்லலி 1892-இல் வெளியிட்ட நூல், சில சமூகங்களைக் 'குற்ற வகுப்பார்' எனப் பட்டியலிட்டு, அவர்களின் பழக்கவழக்கங்களைக் காவலர்களுக்குக் கற்பித்தது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் அந்தப் பார்வைக்கு அதிகாரம் கொடுத்தது. பதிவு செய்யப்பட்டவர் கைரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள, இங்கே நாம் பார்க்கவிருக்கும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டத்துத் தாலுகா. 'சேலம் உப்புக் குறவர்', 'சேலம் மேல்நாட்டுக் குறவர்' என, அச்சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களான சீர்மரபினரின் பட்டியலில் இன்றும் ஊர்ப்பெயரோடு நிற்பவை அந்தக் காலத்தின் எச்சம். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-இல்.

குற்றவாளி பிறக்கிறானா, உருவாகிறானா என்ற கேள்வியை முறையாகக் கையிலெடுத்தது பல்கலைக்கழகம்தான். இந்தியாவில் சாகர் பல்கலைக்கழகம் 1959-இல் குற்றவியல் துறை கண்டது. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையை இருப்பிடமாகக் கொண்ட இந்தியக் குற்றவியல் கழகம் 1970-இல் தோன்றியது; அதன் ஆய்விதழ் 1973-இல் வந்தது. சிறை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம் 1979-இல் வேலூரில் அமைந்தது. இத்தனைக்கும் நடுவே குற்றத்துக்கு ஆளானவரை அதிகம் கவனிக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே பாதிக்கப்பட்டோரியல். பேராசிரியர் சொக்கலிங்கத்தின் முயற்சியில் அதற்கான இந்தியக் கழகம் 1992-இல் உருவானது; பின்னர் அவர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். இணையக் குற்றவியலுக்கென்று ஓர் ஆய்விதழை 2007-இல் தொடங்கிய ஜெய்சங்கரும் அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

ஓசூர் இதற்குள் வேறு ஊராகிவிட்டது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் பெருகின. வெளியூர் ஆட்கள் குவிந்தனர். இப்படி மாறிய ஊரின் குற்றத்தைப் புரிந்துகொள்ள வேறு பார்வை தேவை. 1979-இல் கோஹன், ஃபெல்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்த கோட்பாடு, குற்றத்துக்கு மூன்று தேவை என்றது: துணிந்த ஆள், தோதான இலக்கு, காவலின்மை. பிறப்புக்கு அதில் இடமே இல்லை. ஓசூரிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஜனவரி 22 காலை, ஓசூர் பாகலூர் சாலை நகைக்கடன் கிளை ஒன்றில் துப்பாக்கியுடன் புகுந்த கும்பல் சுமார் 25 கிலோ தங்கத்தோடு கிளம்பியது. நகைகளோடு இருந்த ஜிபிஎஸ் கருவி வழிகாட்ட, கும்பல் மறுநாளே தெலங்கானாவில் பிடிபட்டது. கர்நாடக எல்லை பக்கத்திலேயே, நெடுஞ்சாலை வாசலிலேயே இருப்பது தொழிலுக்கு மட்டுமன்றித் தப்பியோடவும் வசதி. இக்கொள்ளையை விளக்கச் சாதிப் பட்டியல் உதவாது. சாலையும் எல்லையும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

குற்றவியல் பாடம் வேரூன்றிய சென்னை ஓசூரிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். திருநெல்வேலி அதைவிடத் தொலைவு. ஆய்வுக்குரிய களம் ஓசூரில் இருக்க, அதைப் படிக்கும் மரபு வேறு ஊர்களில்தான் வளர்ந்தது.