சேர்மன் விருதும் சிறந்த மாணவனும்

சில ஆண்டுகளுக்கு முன் கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். தமிழ் நடத்துகிறவளுக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். "விளக்கிப் பேசுறதுக்கு மட்டும் நீங்க மார்க் போட்டா போதும் மேடம்" என்றார்கள். போனேன்.

கல்வராயன்மலையிலிருந்து வந்திருந்த ஓர் அணி, தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பின்பற்றி ஓடும் சிறிய வண்டி ஒன்றைச் செய்திருந்தது. அணியில் இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். வண்டி வளைவில் நின்றுவிட்டது. பையன்கள் பேட்டரியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். ஒரு பெண் குனிந்து, வண்டியின் அடியில் இருந்த சென்சாரை விரலால் சற்றுத் தரைப்பக்கம் இறக்கினாள். வண்டி ஓடியது. பிறகு அவளே எழுந்து நின்று, கறுப்பு நிறம் ஒளியை உள்வாங்கிக்கொள்ளும், வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும், அந்த வேறுபாட்டை வைத்துத்தான் வண்டி வழி கண்டுபிடிக்கிறது என்று மலைப்பேச்சின் இழுப்போடு அழகாகச் சொன்னாள்.

அன்று மாலை அவளுக்குத்தான் கேடயம். அதில் "சிறந்த மாணவன்" என்று பொறித்திருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மிஸ், இது எனக்குத்தானா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர், "அது பொதுப் பேரும்மா, வாங்கிக்க" என்றார். கூடவே கொடுத்த சான்றிதழில் செல்வன் அடிக்கப்பட்டு செல்வி மிஞ்சியிருந்தது. அதற்குக் கீழே, "சிறப்பாக விளக்கிப் பேசியமைக்காக" என்று எழுதியிருந்தது.

அந்த இரண்டு வரிகளும் பல நாள் என்னை விடவில்லை. அவற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோதுதான், உலகின் பெரிய மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டி ஒன்றில் நடந்த பெயர் மாற்றம் எனக்கு முக்கியமாகப் பட்டது.

அமெரிக்காவில் 1989இல் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் தொடங்கிய அமைப்பு ஃபர்ஸ்ட். விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவதுபோல அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பிள்ளைகள் கொண்டாட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு மேல்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு அதன் முதல் ரோபோட்டிக்ஸ் போட்டி நடந்தது. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான அணிகள் அதில் கலந்துகொள்கின்றன.

இந்தப் போட்டியில் வெளியே அதிகம் தெரியாத ஒரு சிறப்பு உண்டு. இதன் மிக உயர்ந்த விருது, களத்தில் வென்ற ரோபோவுக்கு உரியதல்ல. தன் ஊரில் அறிவியலைக் கொண்டுசேர்த்த அணிக்கு, இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அணிக்கு, மற்ற அணிகள் பின்பற்றத்தக்க அணிக்கு உரியது. அதற்காக அணியினர் கட்டுரை எழுத வேண்டும்; நடுவர்களுக்கு முன் நின்று பேச வேண்டும். பல ஆண்டு உழைப்பைச் சொல்லில் காட்ட வேண்டும்.

முதல் போட்டியிலிருந்தே வழங்கப்பட்டுவரும் அந்த விருதின் பெயர் முப்பது ஆண்டுகள் "சேர்மன்ஸ் அவார்டு" என்று இருந்தது. 2022-23 பருவத்திலிருந்து அது "ஃபர்ஸ்ட் இம்பாக்ட் அவார்டு" ஆயிற்று. தாக்கத்துக்கான விருது என்று நாம் சொல்லலாம். இதே போட்டியில், மாணவர்களுக்கு வழிகாட்டும் பெரியவர்களுக்கு 1996 முதல் தரப்படும் விருது வுடி ஃப்ளவர்ஸ் என்ற எம்.ஐ.டி. பேராசிரியரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அது ஒரு மனிதரை நினைவுகூர்கிறது. ஆனால் சேர்மன் என்பது யாருடைய பெயரும் அல்ல. அது ஒரு நாற்காலியின் பெயர். அந்த நாற்காலியில் இருப்பவர் ஆண் என்று சொல்லிலேயே எழுதிவைத்த பெயர். எதற்காக விருது என்பதை அது சொல்லவும் இல்லை. புதிய பெயர் நாற்காலியை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறது.

"மேன் என்றால் மனிதர் என்றுதானே பொருள், அது பொதுச்சொல்" என்ற வாதம் ஆங்கிலத்தில் நெடுங்காலம் இருந்தது. 1970களில் பெண்ணியவாதிகள் அதை மறுத்து சேர்பர்சன், சேர் என்ற சொற்களுக்காக வாதாடியபோது கேலிதான் கிடைத்தது. கள்ளக்குறிச்சி மேடையில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலும் அதே வாதம்தான்: பொதுப் பேரும்மா. பொதுப்பெயர் என்று சொல்லப்படுவதைக் கேட்கும் ஆண் பிள்ளை, இது எனக்கா என்று ஒருநாளும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நிலையில் ஒருத்தி மட்டும் இருந்தால் அது பொதுப்பெயர் ஆகாது.

சேர்மன் என்ற சொல் நமக்கு அந்நியமும் அல்ல. அந்த முதல் ரோபோட்டிக்ஸ் போட்டி நடந்த அதே 1992ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் நம் நாடாளுமன்றம் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஏப்ரல் 24இல் அது நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்றாயின. தமிழ்நாட்டில் 1996 தேர்தலில் பெண்கள் பெருந்தொகையாக அந்த நாற்காலிகளுக்கு வந்தார்கள். 2016இல் இங்கே அது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு, 2021 அக்டோபரில் நடந்த அதன் முதல் ஊரக உள்ளாட்சித் தேர்தல் இந்தச் சட்டத்தின்படிதான் நடந்தது.

ஊராட்சி ஒன்றியக் குழுத் தலைவரை நம் மக்கள் "சேர்மன்" என்றுதான் சொல்வார்கள். பெண் வந்தபோது அந்தச் சொல்லை மாற்றவில்லை. பின்னால் ஓர் உறவுச்சொல்லை ஒட்டினார்கள்: சேர்மன் அம்மா. அவருடைய கணவர் பல ஊர்களில் கேட்காமலே சேர்மன் ஆனார். கூட்டத்தில் பேசுவது அவர், கோப்பைப் பார்ப்பது அவர், கையெழுத்து மட்டும் அம்மாவுடையது. இதை எதிர்த்து நின்று தானே நாற்காலியை ஆண்ட பெண்களும் உண்டு. ஆனால் ஒவ்வொருத்தியும் முதலில் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டித்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

கல்வராயன்மலைக்கு நாற்காலி என்பது இன்னும் புதிது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் கீழ் இருந்தவர்கள். 1976இல்தான் அரசு அந்த ஜாகிர்களைத் தன் கையில் எடுத்தது. அதாவது, அந்தப் பெண்ணின் பாட்டி ஜாகிர்தாரின் நிலத்தில் பிறந்திருப்பாள். மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் தரும் மலையில், வேலை தேடிப் பெற்றோர் வெளியூர் போக, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். பாட்டிக்கு நாற்காலி இல்லை. அம்மாவுக்கு ஒட்டுச்சொல்லோடு ஒரு நாற்காலி சட்டத்தில் வந்தது. பேத்தி கேடயத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, இது எனக்கா என்று கேட்கிறாள்.

ஆங்கிலத்துக்கு இருந்த சங்கடம் தமிழுக்கு இல்லை என்பதுதான் இதில் வேதனை. தலைவர், மாணவர், ஆசிரியர், கவிஞர் என்று அர் விகுதியால் இருபாலையும் மரியாதையோடு சுட்டும் வசதி நம் மொழியில் இருக்கிறது. "மாணவர்" என்று பொறிக்க ஓர் எழுத்துத்தான் மாற வேண்டும். இருந்தும் கேடயம் செய்யச் சொன்னவருக்கும் செய்தவருக்கும் "மாணவன்"தான் தோன்றியது. அர் விகுதி இருந்தும் "பெண் கவிஞர்" என்று என்னை மேடைக்கு அழைப்பதும் அதே மனம்தான். தலைவன், தலைவி என்ற இணையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் கிழவன், கிழத்தி என்று சொல்பவர்களைத்தான் நாம் வகுப்பில் தலைவன், தலைவி என்கிறோம். அகப்பாடலில் தலைவி காத்திருப்பவள், பசலை பூப்பவள். தலைமை ஏற்பவள் அல்ல. இலக்கணம் இடம் கொடுத்தும் பழக்கம் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே விருதின் பெயரை மாற்றியது சரி. சின்ன விஷயம் என்று அதைத் தள்ளக் கூடாது. ஆனால் பெயரோடு நின்றுவிட்டால் என் சான்றிதழின் இரண்டாவது வரி அப்படியே இருக்கும்: "விளக்கிப் பேசியமைக்காக."

பெண்ணுக்கு எதற்காக விருது தருகிறோம்? 2017 ஜூலையில் வாஷிங்டனில், அதே டீன் கேமன் தொடங்கிய ஃபர்ஸ்ட் குளோபல் என்னும் சர்வதேசப் போட்டி நடந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெராத்திலிருந்து ஆறு பெண்கள் அடங்கிய அணிக்கு இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, உலகமே பேசிய பிறகு கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது, துணிவான சாதனைக்கான வெள்ளிப் பதக்கம். தகுதியான பதக்கம்தான். ஆனாலும் அவர்கள் கட்டிய ரோபோவைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்? படங்களில் நாம் பார்த்தது முகங்களை, முக்காடுகளை.

நம் வீட்டுக்குள்ளேயே இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு இருக்கிறது. துணிவு, சாகசச் செயலுக்காகத் தமிழ்நாடு அரசு ஒவ்வொரு சுதந்திர நாளிலும் பெண்களுக்கு வழங்கும் விருது கல்பனா சாவ்லா பெயரில் இருக்கிறது. கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1இல் சிதறியபோது அவர் இறந்தார். அந்த ஆண்டே விருது நிறுவப்பட்டது. அதைப் பெற்ற பெண்கள் ஒவ்வொருவரும் போற்றத்தக்கவர்கள். ஆனால் கல்பனா யார்? விண்வெளிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1997இல் முதன்முறை விண்ணுக்குச் சென்றபோது அவருடைய முதன்மைப் பொறுப்புகளில் ஒன்று, விண்கலத்தின் ரோபோ கையை இயக்குவது. ரோபோ கையை இயக்கிய பொறியாளரை நாம் துணிச்சலுக்கு மட்டும் பெயராக வைத்திருக்கிறோம். அவர் பெயரில் பள்ளிப் பெண்களுக்கு ஒரு ரோபோட்டிக்ஸ் விருது இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

பேச்சும் எழுத்தும் தாழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. என் பிழைப்பே அதுதான். இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை எல்லாவற்றுக்கும் மேலான விருதுக்கு உரியதாக வைத்த போட்டியை அதற்காகவே மதிக்கிறேன். நம் பள்ளிகளில் நடப்பது வேறு. சார்ட் எழுதுவது, நோட்டை அழகாக முடிப்பது, விருந்தினர் வந்தால் விளக்குவது பெண் பிள்ளைகளுக்கு. ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் பையன்களுக்கு. யாரும் உத்தரவு போடுவதில்லை, தானாக அப்படி அமைந்துவிடுகிறது. அப்படிப் பிரிந்த அணிக்கு எந்தப் பெயரில் விருது கொடுத்தாலும், பட்டியலில் பெண் பேச்சாளராகவும் ஆண் பொறியாளராகவுமே பதிவாவார்கள்.

விருதுப் பட்டியல்கள் பிற்காலத்தில் வரலாற்றுச் சான்றுகள் ஆகின்றன. யார் எதைச் செய்தார்கள் என்று அறிய நாளை ஒரு மாணவி அவற்றைத்தான் புரட்டுவாள். அன்றைய கண்காட்சியின் பதிவேட்டைப் புரட்டினால் அவளுக்குக் கிடைப்பது, நன்றாகப் பேசிய ஒரு பெண். நின்றுபோன வண்டியின் கோளாறு எங்கே என்று அறிந்து, சென்சாரைச் சரிசெய்து ஓடவைத்தவள் அங்கே இருக்கமாட்டாள். அதை என் கண்ணால் பார்த்தேன். என் மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் ஒரு வரி எழுதவும் எனக்குத் தோன்றவில்லை. கேடயத்தில் "மாணவன்" என்று பொறித்தவரின் பிழையைவிட என் பிழை சிறியதல்ல.

அடுத்த முறை அழைத்தபோது இரண்டு நிபந்தனைகள் சொன்னேன். கேடயத்தில் "மாணவர்" என்று இருக்க வேண்டும். அணியில் ஒவ்வொருவரும் தான் கையால் செய்த ஒரு வேலையை வண்டியில் தொட்டுக் காட்ட வேண்டும், பேசுவது அதற்குப் பிறகு. முதலாவதற்கு உடனே ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதற்கு, "நேரம் ஆகும் மேடம்" என்றார்கள். ஆகட்டும் என்றேன். அன்று கண்காட்சி முடிய இருட்டிவிட்டது. மலைக்குப் போகும் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் சுட்டுவிரலில், சால்டரிங் அயர்ன் சுட்ட சின்னத் தழும்பு இருந்தது. அவள் அதைத்தான் எனக்கு முதலில் காட்டியிருந்தாள்.