பழைய நவஹோ வெள்ளி நகைகள்: அடையாளமும் மதிப்பும்

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரவி வாழும் நவஹோ மக்கள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வெள்ளியில் நகை செய்துவருகிறார்கள். நீலப்பச்சை நிற டர்காய்ஸ் கல் பதித்த காப்பு, மோதிரம், மாலை, இடைவார் ஆகியவை இவற்றில் பெயர்பெற்றவை. முதல் வெள்ளிக் கொல்லராகக் கருதப்படுபவர் அட்சிடி சானி. மெக்சிகோக் கொல்லர் ஒருவரிடம் உலோகவேலை பழகியவர். போஸ்க் ரெடோண்டோ முகாமில் அமெரிக்கப் படையால் அடைக்கப்பட்டிருந்த நவஹோக்கள் 1868இல் ஊர் திரும்பிய பிறகே இத்தொழில் வேகமாகப் பரவியது. வெள்ளியில் கல் பதிப்பது 1880ஐ ஒட்டித்தான் தொடங்கியது. ஆகவே 1860களின் டர்காய்ஸ் மோதிரம் என்று ஒருவர் விலை சொன்னால், நகையைக் கையில் வாங்குமுன்பே சந்தேகப்படலாம்.

காலத்தைக் கணிக்க உலோகமும் வேலைப்பாடுமே நம்பத்தக்க சாட்சிகள். தொடக்கத்தில் நாணயங்களை உருக்கினார்கள். அமெரிக்க நாணயத்தில் வெள்ளி 90 விழுக்காடு. மெக்சிகோ பெசோவில் அதைவிடச் சற்றே கூடுதல். அமெரிக்க நாணயத்தை உருக்குவதற்குக் கெடுபிடி வந்த 1890 வாக்கில் பெசோவுக்கு மாறினார்கள். 1930களில் 92.5 விழுக்காட்டு ஸ்டெர்லிங் வெள்ளி, கட்டியாகவும் தகடாகவும் புழக்கத்துக்கு வந்தது. கட்டியை அடித்து நீட்டிய காப்பில் கனம் இடத்துக்கு இடம் மாறும். விரலால் தடவினாலே தெரியும். ஆலைத் தகடு ஒரே சீராக இருக்கும். கல்லைப் பிடித்திருக்கும் விளிம்பின் பற்கள் அரத்தால் ராவப்பட்டவையானால் ஒன்றுபோல் ஒன்று இராது. பழைய மாலையின் குண்டுமணி, இரண்டு அரைக்கிண்ணங்களைப் பற்றவைத்துச் செய்தது. அந்த ஒட்டு கண்ணுக்குப் படும். கொஞ்சோ எனப்படும் இடைவார் வில்லைகளில் மிகப் பழையவற்றின் நடுவே, தோல்வாரைக் கோப்பதற்காகச் சாய்சதுரத் துளை விட்டிருக்கும். பற்றவைக்கும் நுட்பம் கைவந்த பிறகு, பின்புறம் செப்பு வளையம் ஒட்டி, நடுவை மூடிவிட்டார்கள்.

அண்டைச் சமூகங்களின் வேலையையும் பிரித்தறிய வேண்டும். பொடிக்கற்களை வரிசையாக நெருக்கிப் பதிப்பது சூனியர் பாணி. வெட்டிய தகட்டை இன்னொரு தகட்டின்மேல் ஒட்டிப் பள்ளத்தைக் கறுக்கவைப்பது ஹோப்பியர் பாணி. நவஹோ வேலையில் வெள்ளியே முதன்மை. கல் எத்தனை அழகானாலும் அதற்குத் துணைதான்.

கல்லும் காலம் சொல்லும். நெவாடாவின் லேண்டர் புளூ சுரங்கம் 1970களில்தான் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 45 கிலோவோடு தீர்ந்தும் போனது. 1930களின் காப்பில் அந்தக் கல் இருந்தால், பின்னால் மாற்றிப் பதித்தது என்றே பொருள். பிசின் ஏற்றி உறுதிப்படுத்திய கல், கல்தூளைக் கெட்டியாக்கிய கட்டி, சாயமேற்றிய ஹவ்லைட் என்ற வெண்கல் ஆகியவை விலையை வெகுவாக இறக்கும். ஆனால் பதித்தது கல் அல்ல என்பதாலேயே நகை போலியாகிவிடாது: அரிசோனாவின் கனாடோவில் கடை வைத்திருந்த வணிகர் ஹப்பெல் தருவித்த நீலக் கண்ணாடி மணிகளைப் பதித்த பழைய நகைகள் சேகரிப்பாளர்களால் விரும்பி வாங்கப்படுகின்றன.

1899 முதல், ரயில் பாதையில் உணவகங்கள் நடத்திய பிரெட் ஹார்வி நிறுவனம் ரயில் பயணிகளுக்காக எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொல்லி வாங்கியது. அம்பும் இடிப்பறவையும் நிறைந்த இவ்வகையை ஒரு காலத்தில் இளக்காரமாகப் பார்த்தார்கள். இன்று இதற்கென்றே தனிச் சந்தை உண்டு. சுழலும் கட்டை எனப்பட்ட ஸ்வஸ்திக வடிவத்தை, நாஜிகளின் சின்னமானதால், 1940இல் நவஹோக்களும் வேறு மூன்று பழங்குடியினரும் கைவிடுவதாக அறிவித்தார்கள். அது பொறித்த நகை பெரும்பாலும் அதற்கு முந்தியது.

முத்திரையைத் தேடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கொல்லர்கள் தம் முத்திரையைக் குத்துவது பரவலானது 1970களில்தான். அதற்கு முந்திய நகையில் அது இல்லாதிருப்பதே இயல்பு. அரசின் தரமுத்திரை 1930களின் பிற்பகுதியில் சிறிது காலம் இருந்தது; 1941இல் தொடங்கிய நவஹோ கைவினைக் குழுவும் தன் முத்திரையை இட்டது. அடகுச் சீட்டையும் இதே நிதானத்தோடு பார்க்க வேண்டும். நவஹோ குடும்பங்கள் வணிகரிடம் நகையை அடகு வைத்து மளிகையும் துணியும் வாங்கிப் பிறகு மீட்பது வழக்கம். மீட்கப்படாமல் முழுகிப்போனவையே விற்பனைக்கு வந்தன. ஊர்க்காரர்கள் தமக்கென்று செய்துகொண்ட கனமான நகைகள் இவை என்பதால் மதிப்பு கூடியது. ஆனால் நேற்றுச் செய்த காப்பையும் அடகு வைக்கலாம். அடகுச் சீட்டு ஒன்றைத் தொங்கவிடுவது அதைவிட எளிது.

வெள்ளியின் எடைவிலை என்பது மதிப்பின் அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் கைத்திறன், பழமை, கல், கொல்லர் பெயர், கைமாறி வந்த வரலாறு எல்லாம் சேரும். நவஹோ கொல்லர் கென்னத் பெகே போன்றவரின் வேலையென்று உறுதிப்பட்டால் எடைக்கணக்கே அடிபட்டுப்போகும். ஈயப்பற்று வைத்த பழுது, புதிய கொக்கி, இயந்திர மெருகு ஆகியவை விலையைக் குறைக்கும். பள்ளங்களில் படிந்த கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது, விற்பவர் தம் கையாலேயே செய்துகொள்ளும் நட்டம்.

1970களில் விலை ஏறியபோது போலிகளும் பெருகின. பழங்குடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பவருக்கு, 1990ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பிலிப்பைன்ஸில் செய்த நகைகளை இப்படி விற்றதற்காக 2018இல் நியூ மெக்சிகோ வணிகர் ஒருவருக்கு 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது.