பால்பற்களின் சாட்சியம்

உடலில் ஈயம் சேர்ந்துள்ளதா என்று அறிய இன்று நாம் குருதியைச் சோதிக்கிறோம். ஆனால் குருதியில் ஈயம் நெடுநாள் தங்குவதில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும்; எலும்பிலும் பல்லிலும் படிந்ததோ ஆண்டுக்கணக்கில் நிற்கும். அப்படியானால் பழைய கணக்கை நாம் எங்கே படிப்பது?

பால்பற்களில் படிக்கலாம் என்றார் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் செல்சி, சாமர்வில் ஊர்களில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பற்களை ஆசிரியர்கள் வழியே திரட்டி, அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். 1979இல் முடிவு வெளியானது. பல்லில் ஈயம் மிகுந்திருந்த பிள்ளைகள், வெளிப்படையான நோய்க்குறி ஏதுமின்றியே, அறிவுத்திறன் சோதனையிலும் வகுப்பறைக் கவனத்திலும் பின்தங்கியிருந்தனர்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1991இல் அவர்மீது ஆய்வு முறைகேட்டுப் புகார் கிளம்பியது; முறைகேடு இல்லை என்றே விசாரணைகள் முடிந்தன.

1960களில் குழந்தையின் குருதியில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றிருந்த எச்சரிக்கை எல்லை, அமெரிக்காவில் 1991இல் 10 ஆகவும், 2012இல் 5 ஆகவும், 2021இல் 3.5 ஆகவும் இறங்கியது. தீங்கற்ற அளவென்று எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

ஆய்வுக்கூடம் தருவது ஓர் எண்ணை மட்டுமே. அது நலமா, நஞ்சா என்று கோடு கிழிப்பவர்கள் மனிதர்கள். அன்று 40 என்ற எண்ணோடு, 'குறையொன்றுமில்லை' என வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளை நாம் எந்தக் கணக்கில் எழுதுவது?